வந்தவாசிக் கொடிக்காரன்

கொஞ்சம் முழங்கையை அந்தப் பக்கம் வச்சுக்கிறீங்களா சார். உங்க மேல தப்பில்ல, பஸ் இப்படித்தான் ஆடும். கண்டக்டர் இந்தப் பெட்டியை மேல வைக்கச் சொன்னான். மேல வச்சா ஆம்பூர் தாண்டுறதுக்குள்ள பாதிப் பேருக்குக் கழுத்து இருக்காது. அதான் மடியிலயே வச்சிருக்கேன்.

உள்ள இருக்கிறது சிப்பாய்ங்க. நீங்க பொம்மைன்னு சொல்லுவீங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, நான் கோவிச்சுக்கிறதில்ல. ஒரு ஆள் என் சுண்டு விரல்ல பாதி உயரம். வெள்ளீயத்துல வார்த்தது. மூக்கு, மீசை, சட்டைப் பித்தான், துப்பாக்கிக் கத்தி எல்லாம் இருக்கும். பெயின்ட் என் கையால அடிச்சது. மூக்குக்கண்ணாடியில பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டு, அணில் முடி பிரஷ்ல, மூச்சை அடக்கிக்கிட்டு அடிக்கணும். மூச்சு விட்டா மீசை கன்னத்துக்கு வந்துடும்.

பெங்களூர்தான் போறேன். என் பையன் அங்க மிலிட்டரி ஆஸ்பத்திரியில இருக்கான். எல்லையில நடந்த சண்டையில காயம். நல்லா இருக்கான், நல்லாத்தான் இருக்கான். அதுவும் சொல்றேன். ஆனா முதல்ல எனக்கு நடந்த அநியாயத்தை நீங்க கேட்கணும். நீங்க வெளியாள். ரெண்டு பக்கமும் தெரியாதவர்தான் நியாயம் சொல்ல முடியும்.

என் பொண்டாட்டி மங்கை, மங்கையர்க்கரசி, என் படையிலேர்ந்து ஒரு ஆளை எடுத்துட்டுப் போயிட்டா சார். கொடிக்காரனை. கேட்கல, சொல்லல. கைப்பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா.

ஒரு ஆள்தானேன்னு நினைப்பீங்க. சொல்றேன்.

என் பேர் தணிகாசலம். வேலூர், சத்துவாச்சாரி. நில அளவைத் துறையில வரைபடம் போடுற வேலை, ரிட்டையர் ஆயாச்சு. சின்ன வயசுல எனக்கு ராணுவத்துல சேரணும்னு ஆசை. எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் ராணுவத்துல இருப்பான், அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ரெண்டு தடவை போனேன். மார்பளவு போதலைன்னு ரெண்டு தடவையும் அனுப்பிட்டாங்க. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. அது வேற விஷயம்.

இந்தச் சிப்பாய் வேலை எட்வின் மூலமா வந்தது. எட்வின் மனோகரன், காட்பாடிக்காரன். பிலாஸ்பூர்ல ரயில்வேல இருந்துட்டு ஊருக்குத் திரும்பினவன். அவன்கிட்ட ஒரு பிரெஞ்சுப் படையே இருந்தது. நான் இங்கிலீஷ்காரன் படையைச் செய்ய ஆரம்பிச்சேன். வந்தவாசிச் சண்டை. கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம பக்கத்து ஊர்தானே. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் நம்ம மண்ணுல வந்து, உனக்கா எனக்கான்னு அடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்களும் நின்னாங்க. அந்தச் சண்டையை மேசை மேல நடத்துறோம். தெர்மகோல்ல மேடு, மரத்தூள்ல சாயம் போட்டுப் புல்லு, தென்னைநார்ல புதர். இன்ச் டேப் வச்சு அளந்துதான் படையை நகர்த்தணும். யார் சுட்டா யார் சாவான்னு பகடை போட்டுப் பார்க்கணும். சட்டதிட்டம் எல்லாம் புஸ்தகத்துல இருக்கு. அன்னைக்கு ஜெயிச்சவன்தான் எங்க மேசையிலயும் ஜெயிப்பான்னு கிடையாது. அதுலதான் ருசியே.

எங்க வீட்டு ஹால்ல அந்த மேசை. ஹால்ல வேற ஒண்ணும் வைக்க முடியாது. டிவி மட்டும் ஒரு மூலையில. மங்கை அதுக்கு ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. கூட்டும்போது மேசைக்குக் கீழ குனிஞ்சு கூட்டுவா, அவ்வளவுதான். அதனால அவ மோசமானவன்னு நான் சொல்லல. நல்லவதான். இந்த ஒரு விஷயத்துலதான் அவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு.

பையன் பேர் பரிதி. இளம்பரிதி. அவனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சுது. நல்ல காலேஜ். அவன்தான் போகல. ராணுவத்துக்குத்தான் போவேன்னுட்டான். நான் போன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். மங்கை இப்ப அப்படிச் சொல்றா. நான்தான் தள்ளிவிட்டேங்கிறா. எப்படித் தள்ளினேன், சொல்லுங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து கோட்டை அகழியைச் சுத்தி ஓடினவன் அவன். நான் அலாரம் வச்சேன். அவன் பாட்டுக்கு ஓடுவான், நான் டிவிஎஸ்ல பின்னாடி போவேன், ஸ்டாப் வாட்ச் புடிச்சுக்கிட்டு. அவ்வளவுதான். மார்பு விரியணும்னு முட்டை வாங்கிக் கொடுத்தேன். எந்த அப்பன் வாங்கிக் கொடுக்க மாட்டான்? ஒரு நாள் ஜுரத்தோட கிடந்தான். இன்னைக்கு வேணாம்பான்னான். சரி, உன் இஷ்டம்னுதான் சொன்னேன். சொல்லிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணி வாசல்ல நின்னேன். அவனா எழுந்து வந்தான். அது அவன் ரத்தத்துல இருக்கு.

அவன் எடுபட்ட அன்னைக்கு மைதானத்துல அவனை விட நான்தான் அழுதேன். சந்தோஷத்துல.

சரி, கொடிக்காரனுக்கு வர்றேன்.

என் சிப்பாய் அணி ஒண்ணுக்குக் கொடி பிடிக்க ஆள் வேணும். அந்தக் காலத்துல நம்மூர்ச் சிப்பாய்ங்ககிட்ட கொடி கொடுத்தாங்களா இல்லையான்னு எட்வின் இன்னும் சண்டை போடுவான். நான் கொடுத்தாங்கன்னு வச்சுக்கிட்டேன். பல்குத்துற குச்சியைச் சீவிக் கம்பம், காகிதத்துல பசை தடவி அலை அலையா மடிச்சுக் கொடி. முகம் அடிக்கும்போது எல்லாருக்கும் ஒரே முகமா இருந்தா நல்லா இருக்காதுல்ல. அதனால இவனுக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு வச்சேன். ஒரு முடி கனத்துக்கு வெள்ளைக் கோடு. யாரையும் மனசுல வச்சுச் செய்யல. நிறத்தையும் கொஞ்சம் மாநிறமா எடுத்தேன். தாடையில ஒரு குழி விழுந்த மாதிரி நிழல். அவ்வளவுதான்.

மங்கை காபி கொண்டு வந்தவ அதைப் பார்த்துட்டு நின்னுட்டா. பரிதிக்கு அகழிச் சுவர்ல விழுந்து அதே இடத்துல தழும்பு உண்டு, அது தற்செயல்.

"இவனை எங்க நிறுத்தப் போறீங்க?" அப்படின்னா.

"கொடி முன்னாடிதான் போகும்."

"பின்னாடி நிறுத்தக் கூடாதா?"

"கொடி பின்னாடி போனா படை எதைப் பார்த்துப் போகும் மங்கை?"

காபியை வச்சுட்டுப் போயிட்டா. அன்னைக்கே நான் கவனிச்சிருக்கணும்.

அப்புறம் எல்லையில சண்டை ஆரம்பிச்சுது. நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க. பரிதி அங்கதான் இருந்தான். முதல் நாள் ராத்திரி பேசினான். "போன் எடுக்க மாட்டேன்மா, கவலைப்படாதே"ன்னு அவ கிட்ட சொன்னான். என்கிட்ட, "அப்பா, சரிப்பா"ன்னான். அவ்வளவுதான் பேச்சு. அதுக்கப்புறம் போன் போட்டா, தொடர்புல இல்லன்னு ஒரு பொம்பளைக் குரல் இந்தியில சொல்லும். மங்கைக்கு இந்தி தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முழுசா கேட்டுட்டுத்தான் வைப்பா. ஏதாவது மாத்திச் சொல்லுவாளோன்னு.

டிவியை நான் அணைப்பேன், அவ போடுவா. சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு வாயை மட்டும் பார்ப்பா. ஒருத்தன் கையை வீசி வீசிக் கத்துறான், சத்தம் இல்ல. அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலா இருக்கும். நான் என் வேலையைப் பார்த்தேன். அந்த ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஆட்டம். ரொம்ப நாளா ஏற்பாடு பண்ணினது. மொத்தப் படையும் மேசைக்கு வர்ற முதல் ஆட்டம். நான் ராத்திரி பகலா உக்காந்து குதிரைக்காரங்களுக்கு மிச்சப் பெயின்ட் அடிச்சேன். என் கை நடுங்கவே இல்ல, அதை நான் பெருமையாச் சொல்லிக்கணும். கொஞ்சம் பேருக்கு மட்டும் மீசை கோணிப்போச்சு. அது பெயின்ட் தண்ணியா இருந்ததால.

எட்வின் போன் பண்ணினான். "தணிகை, தள்ளி வச்சுக்கலாம்யா. இப்ப வேணாம்"னான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா என்னத்தைச் சொல்றது. பரிதி பேசட்டும், அப்புறம் வச்சுக்கலாம்."

"அவன் அங்க அவன் வேலையைப் பார்க்கிறான். நாம இங்க ஒப்பாரி வச்சா அவனுக்கு என்ன லாபம்? நீ வர்றியா, இல்ல தோத்துப் போயிட்டேன்னு எழுதிக் கொடுக்கிறியா?"

வந்தான். வராம இருப்பானா.

ஞாயித்துக்கிழமை காலையில படையை நிறுத்தறேன், கொடிக்காரன் இல்ல. பெட்டியில இல்ல, பெயின்ட் மேசையில இல்ல. கூப்பிட்டேன்.

"மங்கை, இங்க இருந்த ஆள் எங்க?"

"எந்த ஆள்?"

"எந்த ஆள்னு உனக்குத் தெரியும்."

அவ மாவு அரைச்சுக்கிட்டு இருந்தா. கையை எடுக்கல. "இன்னைக்கு ஒரு நாள் அவன் இல்லாம ஆடுங்க"ன்னா.

"கொடி இல்லாம அணி நிக்காது. சட்டம் அப்படி."

"உங்க சட்டத்தை நீங்களே வச்சுக்குங்க."

நான் தேடினேன் சார். ஒரு பெரிய மனுஷன், பேரன் எடுக்கிற வயசு, என் வீட்ல என் பொருளைத் திருடன் மாதிரித் தேடறேன். அரிசி டிரம்ல கை விட்டேன். சாமி படத்துக்குப் பின்னாடி பார்த்தேன். கடைசியில பரிதியோட பீரோவுல கிடைச்சான். அவன் மப்ளர்ல சுத்தி, அதை அவன் ஸ்வெட்டருக்கு நடுவுல வச்சிருந்தா. குளிருமாம்.

எடுத்துட்டு வந்து மேசையில நிறுத்தினேன். முன் வரிசையில, நடுவுல. அவ சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்த்தா. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேசை ஓரமா உக்காந்துட்டா. இத்தனை வருஷத்துல ஒரு ஆட்டத்தைக் கூட அவ உக்காந்து பார்த்ததில்ல. எட்வின் வந்து, "என்ன மங்கை, நீங்களும் ஆடுறீங்களா?"ன்னு சிரிச்சான். அவ சிரிக்கல. அவனும் அதோட சிரிப்பை நிறுத்திட்டான்.

ஆட்டம் ஆரம்பிச்சுது. முதல்ல பீரங்கி. அது எனக்கு நல்லா விழுந்தது. அவன் குதிரைப்படை ஒரு பக்கம் கலைஞ்சு ஓடிடுச்சு. அப்புறம் எட்வின் தன் வெள்ளைச்சட்டைக்காரங்களை நெருக்கமா ஒரு திரளாக் கட்டி நேரா அனுப்பினான். எங்க அனுப்பினான் தெரியுமா? கொடிக்காரன் இருந்த அணிக்கு. அது அவன் வேணும்னே செஞ்சது. அவன் இல்லங்கிறான். அந்த வழிதான் திறந்திருந்ததுங்கிறான். நான் தடுத்திருக்கலாம்தான், என் வலது பக்கத்து அணியைக் கொஞ்சம் முன்ன கொண்டு வந்திருந்தா. ஆனா அந்த அணி முன்ன வந்தா மேடு கையை விட்டுப் போயிடும். மேடு முக்கியமா, ஒரு ஆள் முக்கியமா? நீங்களே சொல்லுங்க.

சுட்டான். பகடை போட்டு என் அணியில ஆள் ஆளா எடுக்கிறோம். எடுத்த ஆளை மேசை ஓரத்துல படுக்க வைக்கிறது எங்க வழக்கம். மங்கை உக்காந்திருந்த பக்கம்தான் அந்த ஓரம். ஒவ்வொருத்தனா அவ முன்னாடி படுக்க வைக்கிறேன். அவ ஒவ்வொருத்தன் முகத்தையும் குனிஞ்சு பார்க்கிறா. எட்வின் அதைப் பார்த்துட்டு, "தணிகை, போதும்யா"ன்னான். ஜெயிக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான். "சட்டப்படி ஆடு"ன்னு சொன்னேன்.

அணியில பாதி போனதும் ஒரு சட்டம் இருக்கு. கொடிக்காரனுக்குன்னு தனியா ஒரு பகடை போடணும். ஒண்ணு விழுந்தா அவன் விழுந்தான். வேற எது விழுந்தாலும் அவன் நிப்பான்.

போட்டேன். ஒண்ணு.

ஆனா சார், பகடை மேட்டு ஓரத்துல சாய்ஞ்சு நின்னது. தட்டையா விழல. சாய்ஞ்சு விழுந்தா செல்லாது, அது உலகம் முழுக்க இருக்கிற சட்டம். எட்வின் குனிஞ்சு பார்த்தான். "சாய்ஞ்சுதான் இருக்கு. திருப்பிப் போடு"ன்னான். அவன் குரல்லயே தெரிஞ்சுது, எனக்கு ஏதோ பிச்சை போடுற மாதிரி.

திருப்பிப் போட்டேன். ஒண்ணு.

அப்ப மங்கை நாற்காலியை நகர்த்தினா. மேசை ஆடுச்சு. ஆடின மேசையில போட்ட பகடை எப்படிச் செல்லும்? "மேசை ஆடிடுச்சு"ன்னு சொன்னேன். எட்வின் என்னையே பார்த்தான். ஆடலன்னு அவன் சொல்லியிருக்கலாம். சொல்லல. "ஆமா, ஆடுச்சு. போடு தணிகை. நின்னு நிதானமா, எத்தனை தடவை வேணும்னாலும் போடு"ன்னான். இதுதான் சார் எனக்குப் பொறுக்கல. என்னை என்ன சின்னப் பையன்னு நினைச்சானா? நான் ஏமாத்துற ஆள் இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு பகடையை நான் திருப்பிப் போட்டதில்ல. அவனைக் கேளுங்க, அவனே சொல்லுவான். அன்னைக்கு மேசை ஆடுச்சு, அவ்வளவுதான்.

மூணாவது தடவை கையில வச்சுக் குலுக்கிறேன். மங்கை எழுந்து வந்து அந்த ஆள் மேல தன் உள்ளங்கையைக் கவிழ்த்து வச்சுட்டா. கொடிக் கம்பம் அவ விரலுக்கு நடுவுல நீட்டிக்கிட்டு இருந்தது.

"போடாதீங்க."

"கையை எடு மங்கை."

"போடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இது ஈயம். வெள்ளீயம். நான் உருக்கி ஊத்தினது. உனக்கு என்ன பைத்தியமா?"

"அப்ப உங்களுக்கு எதுக்குங்க கை இப்படி நடுங்குது?" அப்படிங்கிறா. எட்வின் முன்னாடி.

பகடையைக் குலுக்கினா கை ஆடத்தானே செய்யும்.

அப்பத்தான் போன் அடிச்சுது. என் போன். டிவி மேல இருந்தது. புது நம்பர். மூணு பேரும் அதைப் பார்க்கிறோம். அது அடிச்சுக்கிட்டே இருக்கு. எனக்குத்தான் பக்கம், கையை நீட்டினா எடுத்திடலாம். என் விரல்ல பெயின்ட் இருந்தது, காலையில ஒரு குதிரைக்குக் கடைசியா அடிச்சது. போன் கெட்டுப்போயிடும்னு நான் எடுக்கல. இதை மங்கை எப்படிச் சொல்றா தெரியுமா? அவர் போனைப் பார்த்துப் பின்னாடி நகர்ந்தார்ங்கிறா. நான் ஆட்டத்துக்கு நடுவுல இருந்தேன் சார். பின்னாடி நகர்ந்தா அது மேசையைச் சுத்தி வர்றதுக்கு.

அவ எடுத்தா. அந்தப் பக்கம் இந்தி. அவ, "தமிழ், தமிழ், தமிழ்ல சொல்லுங்க"ங்கிறா. போனை என்கிட்ட நீட்டினா. எனக்கு இந்தி கொஞ்சம் வரும். ஆனா அந்த நேரத்துல சரியா வருமா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டா என்ன ஆகிறது? அதை யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன், எட்வின் என்னைத் தாண்டிக் கையை நீட்டி வாங்கிட்டான். "ஹா ஜி"ங்கிறான். "ஹா ஜி." அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. மங்கை அவன் வாயைப் பார்க்கிறா, டிவியில அந்தக் கத்துறவன் வாயைப் பார்த்த மாதிரியே. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டுச்சு.

போனைக் காதுலேர்ந்து எடுக்காமலே எட்வின் சொன்னான், "உயிரோட இருக்கான் மங்கை. பேசறானாம். கால்ல அடி."

அவகிட்ட சொன்னான் சார். என் வீடு, என் போன், என் பையன். என்கிட்ட சொல்லல. அவகிட்ட சொன்னான்.

அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. சேலை முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. எட்வின் அவ பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து அவ தலையில கை வச்சான். நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. பகடையைப் போட்டேன். கையில இருந்தது, போட்டுட்டேன். மேசை மேல உருண்டு அந்தப் பக்கம் விழுந்து எங்கேயோ போயிடுச்சு. என்ன விழுந்ததுன்னு நான் பார்க்கல. இன்னும் அது டிவிக்குக் கீழதான் எங்கேயோ கிடக்கணும். கூட்டினா வந்திடும். கூட்ட ஆள் இல்ல இப்ப.

முதல்ல வடக்க ஒரு ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. அப்புறம் பெங்களூருக்கு மாத்தினாங்க. மாத்துறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே மங்கை கிளம்பிட்டா. எட்வின்தான் கூடப் போய் விட்டுட்டு வந்தான். நான் போகல. வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்ல. மேசை வேற பாதி ஆட்டத்துல நிக்குது. அவ கிளம்பும்போதுதான் அந்த ஆளை எடுத்துட்டுப் போயிருக்கா. எட்வின் திரும்பி வந்து சொல்றான், பஸ்ல வழி முழுக்க அவ அதைக் கையிலயே வச்சிருந்தாளாம். அதோட காலைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தாளாம்.

பரிதிக்கு இடது கால் சார். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

கால் உடைஞ்ச சிப்பாய் எத்தனையோ பேரை நான் சரி பண்ணியிருக்கேன். உள்ள ஒரு குண்டூசியைச் செருகணும், பசை வச்சு ஒட்டணும், ஒட்டின கோட்டு மேல பெயின்ட் அடிக்கணும். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் தெரியாது. இப்ப மனுஷனுக்கும் நல்ல கால் வந்திருக்காம். கார்பன்ல செய்யறானாம். ஓடவே முடியுமாம். மைதானத்துல அவன்தான் முதல்ல வந்தான், தெரியுமா? ஸ்டாப் வாட்ச் என்கிட்டதான் இருந்தது.

தினமும் போன் பண்றான். குரல் நல்லாத்தான் இருக்கு. அவன் கேட்கிறது ஒண்ணுதான். "எப்பப்பா வர்றீங்க?" நான், மழையா இருக்குப்பாம்பேன். பெயின்ட் காயலப்பாம்பேன். "சரிப்பா"ம்பான். ராணுவத்துக்குப் போனதுலேர்ந்தே என்கிட்ட அவன் பேசறது அந்த "சரிப்பா" மட்டும்தான். அதுக்கு முன்னாடியும் அப்படித்தானோ என்னவோ. நான் கவனிச்சதில்ல.

மங்கை என்கிட்ட பேசறதில்ல. எட்வின் மூலமாத்தான் சேதி வரும். படுத்திருக்கிறவனுக்குப் பொழுது போகணும், நான் இங்கிலீஷ் படையை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லி அனுப்பினேன். அந்தப் பெட்டியோட வந்தா வாசல்லயே நிக்கச் சொல்லுங்கன்னு பதில் வந்தது. கோபத்துல சொல்றது. காலில்லாத பையனுக்குச் சிப்பாயைக் கொண்டு போறியேய்யான்னு எட்வினே என் முகத்துக்கு நேராச் சொன்னான். வேற என்னத்தைக் கொண்டு போறது சார்? ஆப்பிளா? எனக்குச் செய்யத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.

கிருஷ்ணகிரி வந்துடுச்சா? ஆமா, பாலம் தெரியுது. இங்க டீக்கு நிறுத்துவான்.

போன வாரமும் இங்க வரைக்கும் வந்தேன் சார். அதுக்கு முந்தின வாரமும். அந்தக் கடையிலதான் டீ குடிச்சேன். டிக்கெட் பெங்களூர் வரைக்கும்தான் எடுத்தேன். குடிச்சுக்கிட்டு இருக்கும்போது வீட்ல கேஸை மூடினேனான்னு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பக்கம் வேலூர் பஸ் நின்னுக்கிட்டு இருந்தது, ஏறிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தா மூடித்தான் இருந்தது. ரெண்டாவது தடவையும் மூடித்தான் இருந்தது. பரிதிகிட்ட, கூட்டம் அதிகம்பா, சீட்டு கிடைக்கலன்னு சொன்னேன். சரிப்பான்னான்.

உள்ள போனதும் போர்வை போட்டிருப்பாங்களா சார், அவங்களுக்கு? இல்ல, சும்மா கேட்டேன். ஆஸ்பத்திரியில குளிரும்ல. போட்டிருப்பாங்க.

நிறுத்திட்டான். எல்லாரும் இறங்குறாங்க. நீங்க டீ குடிக்கப் போகணும்னா... கொஞ்சம் இருங்க சார். தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கு டீ நான் அப்புறம் ஓசூர்ல வாங்கித் தர்றேன். இந்த வண்டி கிளம்புற வரைக்கும் இப்படியே வழியை அடைச்சுக்கிட்டு உக்காந்திருங்க. நீங்க எழுந்தீங்கன்னா நானும் எழுந்துடுவேன்.